ராமன் படத்துக்கு மாலை, ராமன் பாடத்துக்குப் பூட்டு

பதிவு நீளம்தான். களத்தில் நெல்லைக் காயப்போட்டுவிட்டு ஆடு மாட்டுக்குக் காவல் உட்கார்ந்திருப்பவர்கள் நிதானமாகப் படிக்கலாம். யாரையும் பெயர் சொல்லித் திட்டப் போவதில்லை. ஆனால் திட்டப் போகிறேன்.

பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். அன்று காலை ஒரு பள்ளியில் விழா. ஓய்வு பெற்ற ஆசிரியை என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சர் சி.வி. ராமன் படத்துக்குச் சம்பங்கி மாலை. வாசலில் அவர் முகத்தையே கோலமாகப் போட்டிருந்தார்கள், தலைப்பாகை உட்பட. பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கிய குழந்தை மூச்சுவிடாமல் ஒப்பித்தது. 1888 நவம்பர் 7ஆம் தேதி திருச்சியில் பிறந்தார், 1928 பிப்ரவரி 28இல் ராமன் விளைவைக் கண்டறிந்தார், 1930இல் நோபல் பரிசு பெற்றார். ஒரு தேதிகூடத் தப்பில்லை.

பரிசைக் கொடுத்துவிட்டு, "ராமன் விளைவுன்னா என்ன பாப்பா?" என்று கேட்டேன். குழந்தை அதன் டீச்சரைப் பார்த்தது. டீச்சர் என்னைப் பார்த்தார். "அது இந்த வகுப்புக்கு சிலபஸ்ல இல்லீங்க டீச்சர்" என்றார். கைதட்டினார்கள். கேசரி கொடுத்தார்கள். வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் நம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு சேதி வந்தது. என்னிடம் ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை அறிவியல் படித்த பெண். பெயர் வேண்டாம், ஊருக்குத் தெரியும். எழுதுவதற்கு அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்தவள். வெளிமாநிலத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் முனைவர் பட்டத்துக்கு இடம் கிடைத்திருக்கிறது. செல் சவ்வில் இருக்கும் கொழுப்புத் திட்டுகளை எக்ஸ்ரே சிதறல், நியூட்ரான் சிதறல் கொண்டு ஆராயும் வேலை. அவளுடைய அத்தை மகன் பெருமையாக அதைப் போட்டிருந்தான்.

பத்து நிமிடத்தில் ஒரு பதில் வந்தது. "டெல்டாவுல தண்ணி இல்லாம விவசாயி சாவுறான். இவங்க கொழுப்புல நியூட்ரான் அடிக்கப் போறாங்களாம். கொழுப்புதான்!" அதற்கு 27 பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள். நான் எண்ணினேன். அந்த 27 பேரில் 11 பேர் என்னிடம் படித்தவர்கள். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். "பேங்க் எக்ஸாம் எழுதச் சொல்லுங்க." "இன்னும் அஞ்சு வருஷம் படிச்சா யாரு கட்டிப்பா?" "இதனால ஒரு மூட்டை நெல் கூட விளையுமா?"

ராத்திரி எட்டரை மணிக்கு அவள் அப்பா வந்து என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். இரண்டு ஏக்கர் சொந்த நிலம், ஒன்றரை ஏக்கர் குத்தகை. "டீச்சர், இது நெசமாவே ஒரு படிப்புதானா? நாலு பேரு நாலு விதமா கேக்குறாங்க. எனக்குப் பதில் சொல்லத் தெரியலைங்க" என்றார். அவர் குரலில் இருந்தது கோபம் இல்லை, வெட்கம். மகளுக்கு ஆராய்ச்சியில் இடம் கிடைத்ததற்கு ஒரு அப்பா ஊரில் வெட்கப்பட வேண்டியிருக்கிறது என்றால், காலையில் நாம் போட்ட மாலைக்கு என்ன அர்த்தம்?

அவரிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ராமனுக்கு நோபல் பரிசு வாங்கித் தந்த வேலைக்குப் பெயர் சிதறல். 1921இல் இங்கிலாந்திலிருந்து எஸ்.எஸ். நார்குண்டா கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார். அது வானத்தின் நீலம் கடலில் பிரதிபலிப்பது என்றுதான் அதுவரை பெரியவர்கள் சொல்லியிருந்தார்கள். கையில் இருந்த ஒரு சின்னப் பட்டகத்தை வைத்து, பிரதிபலிப்பு ஒளியை வடிகட்டிவிட்டுப் பார்த்தார். நீலம் போகவில்லை. தண்ணீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்ற முடிவுக்கு வந்தார். அங்கே பிடித்த நூலை விடாமல் இழுத்து ஏழு வருடத்தில் ராமன் விளைவுக்கு வந்து சேர்ந்தார். ஒரு பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதி நிறம் மாறி வருகிறது, அந்த மாற்றம் அந்தப் பொருளின் மூலக்கூறு எப்படி அதிர்கிறது என்பதைச் சொல்கிறது. இவ்வளவுதான் அந்தக் குழந்தைக்குச் சொல்லியிருக்க வேண்டியது. நான்கு வரி.

"கடல் ஏன் நீலம்?" என்று கப்பலில் கேட்டவரைப் பார்த்து, "இதனால் ஒரு மூட்டை நெல் விளையுமா?" என்று நம் குழுவினர் கேட்டிருப்பார்கள். அவருடைய முன்னோர் நம் தஞ்சை ஜில்லாவில் மாங்குடிப் பக்கம் நிலம் வைத்திருந்தவர்கள்தான். நல்லவேளை, அப்போது வாட்ஸ்அப் இல்லை.

சரி, சிதறல் என்பது பெரிய மந்திரமா? இல்லை. நம் வீட்டுக் கிழவிகளுக்கே தெரிந்த விஷயத்தின் அடுத்த படி. நிலாவைச் சுற்றி வட்டம் கட்டினால் பார்த்து மழையைச் சொல்வார்கள். அகல் வட்டம் பகல் மழை என்பது பழமொழி. அந்தப் பெரிய வட்டம் மேலே உள்ள பனிப் படிகங்களில் ஒளி வளைந்து வருவது, அது ஒரு கணக்கு. இன்னொன்று இருக்கிறது. மெல்லிய மேகம் கடக்கும்போது நிலாவை ஒட்டினாற்போல் செம்மை கலந்து ஒரு சின்ன வளையம் தெரியும். அது மேகத்தின் நீர்த்துளிகளால் வருவது. துளி சிறிதானால் வளையம் பெரிதாகும், துளி பெரிதானால் வளையம் சுருங்கும். அப்படியென்றால் வளையத்தின் அகலத்தை அளந்து, ஏணி வைக்காமல், மேகத்தைத் தொடாமல், துளியின் அளவைச் சொல்லிவிடலாம். சிதறல் ஆராய்ச்சி முழுவதும் இந்த ஒரு கருத்தின் மேல் நிற்கிறது. சிறிய பொருள் அகலமாகச் சிதறடிக்கும், பெரிய பொருள் குறுகலாகச் சிதறடிக்கும்.

அப்பாக்காரர் கேட்டார், "கண்ணால பாக்காம எப்படிங்க டீச்சர் நம்புறது?"

நான் கேட்டேன், "கொள்முதல் நிலையத்துல உங்க நெல்லுக்கு ஈரப்பதம் எப்படிப் பாத்தாங்க?"

"மிஷின்ல போட்டாங்க. 17க்கு மேல காட்டுனா எடுக்க மாட்டாங்க."

"அந்த மிஷின் நெல்லுக்குள்ள இருக்கிற தண்ணியக் கண்ணால பாத்துச்சா?"

அவர் யோசித்தார். அது தண்ணீரைப் பார்க்கவில்லை. நெல்லின் மின் குணத்தை அளந்து, அதிலிருந்து ஈரத்தைக் கணக்குப் போடுகிறது. அந்த எண்ணை நம்பித்தான் நாம் மூட்டையைத் திரும்ப ஏற்றுகிறோம், திரும்பக் காயவைக்கிறோம், ராத்திரி சாக்கைப் போட்டுக் கொள்முதல் நிலையத்திலேயே படுக்கிறோம். 17.5 என்று காட்டினால் சண்டை போடுகிறோம், ஆனால் "தண்ணியக் கண்ணால காட்டு" என்று யாரும் கேட்பதில்லை. கண்ணால் பார்க்காமல் அளப்பது நமக்குப் புதிதில்லை. நம் வயிற்றுப்பிழைப்பே அதில் இருக்கிறது.

இப்போது அந்தக் கொழுப்புக்கு வருகிறேன். கேலி செய்தவர்களின் உடம்பில் ஒவ்வொரு செல்லையும் மூடியிருப்பது அந்தக் கொழுப்புதான். நெல் நாற்றிலும் அதுதான். இரண்டு அடுக்குக் கொழுப்பு மூலக்கூறுகள் முதுகோடு முதுகாக நிற்கும் படலம். கனம் சுமார் 4 முதல் 5 நானோமீட்டர். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட படலங்களை அடுக்கினால்தான் ஒரு தலைமுடியின் கனம் வரும்.

இங்கே ஒரு ஒப்புதல் வாக்குமூலம். நான் முப்பது வருடத்துக்கு மேல் கரும்பலகையில் செல் படம் போட்டேன். செல் சவ்வு என்று ஒரு வட்டக் கோடு இழுத்து, "இது வீட்டு மதில் சுவர் மாதிரி" என்று சொல்லிக்கொடுத்தேன். தப்பு. அது சுவர் இல்லை, ஓடுகிற திரவம் என்று சிங்கர், நிகல்சன் என்ற இருவர் 1972லேயே எழுதிவிட்டார்கள். நான் பயிற்சிப் பள்ளியில் சேருவதற்கும் முன்னால். எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் தேடவில்லை.

திரவம் என்றால் எப்படித் திரவம்? மார்கழி மாதம் உங்கள் வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். தேங்காய் எண்ணெய் உறைந்திருக்கும், பக்கத்தில் நல்லெண்ணெய் ஓடிக்கொண்டிருக்கும். கொழுப்பில் நேராக நிற்கும் வால் உள்ளது சீக்கிரம் உறையும், வளைந்த வால் உள்ளது உறையாது. செல் சவ்வில் இந்த இரண்டு வகையும் கலந்திருக்கின்றன, நம் உடம்பில் கூடவே கொலஸ்ட்ராலும். அப்படியிருக்க அவை ஒரே சீராகக் கலந்து நிற்குமா, அல்லது ரசத்தில் நெய் திட்டுத் திட்டாக மிதப்பதுபோல் பிரிந்து நிற்குமா?

1997இல் காய் சைமன்ஸ், எலினா இகோனென் என்ற இருவர் "நேச்சர்" இதழில் எழுதினார்கள். சவ்வில் கொலஸ்ட்ரால் சேர்ந்த கெட்டியான சின்னத் திட்டுகள் மிதக்கின்றன, சில புரதங்கள் அதன்மேல் ஏறிக்கொண்டு வேலை செய்கின்றன என்று. அதற்கு அவர்கள் வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் தெப்பம். கோயில் குளத்துத் தெப்பம்தான். சாமி எல்லா இடத்திலும் மிதக்காது, தெப்பத்தில்தான் ஏறும்.

அழகான கருத்து. ஆனால் அழகு ஆதாரம் ஆகாது. "எங்கே தெப்பம்? காட்டு" என்று மற்ற விஞ்ஞானிகள் பிடித்துக்கொண்டார்கள். சாதாரண நுண்ணோக்கியில் சுமார் 200 நானோமீட்டருக்குக் கீழே ஒன்றும் பிரித்துத் தெரியாது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைக்க வேண்டுமென்றால் செல்லை உலர்த்த வேண்டும் அல்லது உறைய வைக்க வேண்டும். சாயம் ஏற்றிப் பார்த்தால், அந்தச் சாயமே திட்டை உண்டாக்கியதோ என்று சந்தேகம். சோப்புக் கரைசல் ஊற்றிப் பிரித்தால், சோப்பு செய்த வேலையோ என்று சந்தேகம். இருபது வருடம் சண்டை.

இங்கேதான் சிதறல் வருகிறது. அதிலும் நியூட்ரான்.

ஹைட்ரஜனில் இரண்டு வகை உண்டு. சாதாரண ஹைட்ரஜன் ஒன்று, அதைவிட இரண்டு மடங்கு கனமான டியூட்டீரியம் ஒன்று. இயற்கையில் சுமார் 6,400 ஹைட்ரஜனுக்கு ஒன்று டியூட்டீரியம். வேதியியலில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோல நடக்கும். எக்ஸ்ரேக்கும் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் நியூட்ரானுக்கு இரண்டும் எதிரெதிர். ஒன்று பள்ளம் என்றால் மற்றது மேடு. அதனால் எது நியூட்ரானுக்குத் தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்பதை, டியூட்டீரியத்தைக் கூட்டிக் குறைத்து நாமே முடிவு செய்யலாம். பள்ளியில் நான் செய்துகாட்டுவேன், நினைவிருக்கிறதா? போரோசிலிகேட் கண்ணாடிக் குழாயைக் கிளிசரினுக்குள் விட்டால் குழாய் காணாமல் போகும். நீங்கள் "மேஜிக்" என்று கத்துவீர்கள். மேஜிக் இல்லை, இரண்டும் ஒளியை ஒரே மாதிரி வளைப்பதால் எல்லைக்கோடு மறைகிறது. நியூட்ரான்காரர்கள் செய்வதும் அதுதான்.

அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தில் ஒரு குழு இந்த வித்தையை உயிருள்ள ஒரு பாக்டீரியாவிடம் காட்டி, 2017இல் வெளியிட்டது. எந்தப் பாக்டீரியா தெரியுமா? பேசில்லஸ் சப்டிலிஸ். உரக்கடையில் சூடோமோனாஸ் பொட்டலத்துக்குப் பக்கத்தில் உயிர்ப் பூஞ்சாணக்கொல்லி என்று விற்கிறதே, அதே இனம். அந்தப் பாக்டீரியா தானாகக் கொழுப்பு அமிலம் தயாரிக்காதபடி தடுத்தார்கள். வெளியிலிருந்து தாங்கள் கொடுக்கும் கொழுப்பு அமிலத்தை மட்டும் அது எடுத்துக்கொள்ளும்படி செய்தார்கள். சாதாரண ஹைட்ரஜன் உள்ளதையும் டியூட்டீரியம் ஏற்றியதையும் அளந்து கலந்து கொடுத்தார்கள். செல்லின் மற்றப் பகுதிகளும் சுற்றியுள்ள தண்ணீரும் நியூட்ரானுக்கு ஒன்றாகவே தெரியும்படி கனநீரில் வளர்த்தார்கள். கணக்கு எப்படியென்றால், சவ்வில் கொழுப்பு ஒரே சீராகக் கலந்திருந்தால் சவ்வும் மறைந்துவிடும், சிதறல் வராது. திட்டுத் திட்டாகப் பிரிந்திருந்தால்தான் சிதறல் வரும்.

சிதறல் வந்தது. திட்டுகள் 40 நானோமீட்டருக்கும் குறைவான அளவு என்று கணக்கு சொன்னது. சாயம் இல்லை, சோப்பு இல்லை, செல்லை உறைய வைக்கவில்லை.

இதோடு சண்டை முடிந்ததா? இல்லை. ஒரு பாக்டீரியாவில் இருப்பது நம் செல்லில் எப்படி இருக்கிறது, அந்தத் திட்டுகள் ஏன் நெய்போல் ஒன்றுசேர்ந்து பெரிதாகாமல் சின்னதாகவே நிற்கின்றன, எவ்வளவு நேரம் நிற்கின்றன என்று கேள்விகள் வரிசையில் நிற்கின்றன. அந்த வரிசையில் ஒரு கேள்வியைத் தூக்கத்தான் நம் ஊர்ப் பெண் போகிறாள்.

"அமெரிக்காக்காரன் செய்வான், நமக்கு எதுக்கு?" என்பவர்களுக்கு. ராமன் 1948இல் பெங்களூரில் தொடங்கிய ஆராய்ச்சி நிலையத்தில், சனத் கர்மாகரும் வி.ஏ. ரகுநாதனும் கொலஸ்ட்ரால் கலந்த சவ்வுகளை எக்ஸ்ரே கொண்டு ஆராய்ந்து, அலை அலையாக நிற்கும் ஒரு புதிய நிலையைக் கண்டு 2003இல் வெளியிட்டார்கள். அதற்கும் ஐம்பது வருடம் முன்னால், 1954இல், நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் எக்ஸ்ரே பட்டு விலகும் கோலத்தைப் படித்து, நம் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜென் புரதம் மூன்று புரி கயிறு என்று சொன்னார்கள். டிராம்பேயில் துருவா உலை 1985 முதல் நியூட்ரான் தருகிறது. இந்தூரில் இண்டஸ்-2 எக்ஸ்ரே தருகிறது. பல்கலைக்கழக மாணவர்கள் விண்ணப்பித்து அங்கே போய் அளந்துவிட்டு வரலாம். இந்த வித்தைக்கு வேண்டிய கனநீர்? 1978இல் தூத்துக்குடியில் கனநீர் ஆலை இயங்கத் தொடங்கியது. அது ஒட்டிக்கொண்டிருந்தது எதோடு? ஸ்பிக் உர ஆலையோடு. யூரியாவுக்காக அம்மோனியா செய்யும் வாயுவிலிருந்துதான் டியூட்டீரியத்தைப் பிரித்தார்கள். நீங்கள் சம்பாவுக்குத் தூவிய யூரியாவுக்கும், நீங்கள் சிரிப்புப் பொம்மை போட்ட நியூட்ரான் ஆராய்ச்சிக்கும் ஒரே ஆலைச் சுவர். இது யாருக்கோ சொந்தமான அறிவு இல்லை ஐயா. நம் வீட்டுக் கொல்லையில் இருப்பது.

பயன் என்ன என்று கேட்டீர்கள். சொல்கிறேன். 2021 மே, ஜூன் மாதங்களை மறந்துவிட்டீர்களா? கொரோனாவில் பிழைத்தவர்களுக்குக் கருப்புப் பூஞ்சை வந்தது. ஒரு ஊசி மருந்துக்காக மருந்துக்கடை மருந்துக்கடையாக ஏறி இறங்கினார்கள். லைபோசோமல் ஆம்போடெரிசின். அந்த "லைபோசோமல்" என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம்? இதே கொழுப்புச் சவ்வால் செய்த, கண்ணுக்குத் தெரியாத பை. மருந்து பழசு, சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். கொழுப்புப் பைக்குள் வைத்துக் கொடுத்தால் அந்தச் சேதம் குறைகிறது. அந்தப் பைகளின் அளவு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு வழக்கமான கருவி எது? ஒளிச்சிதறல்.

அந்தப் பையை முதலில் கண்டவர் அலெக் பாங்கம் என்ற ஆங்கிலேயர். 1960களில் கொழுப்பைத் தண்ணீரில் போட்டால் என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். கருப்புப் பூஞ்சைக்கு மருந்து தேடவில்லை. அவரைப் பார்த்து "கொழுப்புதான்!" என்று சிரித்து அனுப்பியிருந்தால், 2021இல் நம்மில் சிலர் சாகக் கிடந்தபோது அலைந்து தேடுவதற்குக்கூட அந்த மருந்து இருந்திருக்காது.

இன்னொரு பக்கத்துக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணுக்கு ஆதரவாக ஒருவர் குழுவில், "நம்ம பொண்ணு கேன்சருக்கு மருந்து கண்டுபிடிக்கப் போறா" என்று எழுதினார். ஐயா, வேண்டாம். அவள் மருந்து கண்டுபிடிக்கப் போகவில்லை. அளக்கப் போகிறாள். ஐந்து வருடம் கழித்து, "இந்தக் கலவையில் திட்டின் அளவு இவ்வளவு, அதற்குக் காரணம் இது" என்று நான்கு கட்டுரை எழுதுவாள். சில சமயம் "நாங்கள் நினைத்தது தப்பு" என்றும் எழுதுவாள். அதுவும் அறிவியல்தான். இல்லாத பயனைச் சொல்லிப் பாராட்டுவதும், பயன் இல்லை என்று கேலி செய்வதும் ஒரே வியாதி. பயனைத் தவிர வேறு எதையும் மதிக்கத் தெரியாத வியாதி. இந்த வியாதிதான், செல்லைச் சுத்தப்படுத்தும் எண்ணெய் என்று எவனோ வீடியோவில் விற்பதை லிட்டர் ஆயிரம் ரூபாய்க்கு வாங்க வைக்கிறது. அளப்பது என்றால் என்ன என்று தெரிந்த ஊரில் அந்த எண்ணெய் விற்காது.

தண்ணீர்க் கேள்விக்கும் வருகிறேன். அதைக் கேலியாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஜூன் 12இல் மேட்டூர் திறக்குமா என்று ஒவ்வொரு வருடமும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பது என் வீடும்தான். கடைமடைக்குத் தண்ணீர் வராமல் நாற்றங்கால் வெடித்துக் கிடந்ததை நானும் பார்த்திருக்கிறேன். அந்தக் கோபம் நியாயம். ஆனால் வாய்க்கால் தூர்வாராததற்கு இந்தப் பெண்ணா காரணம்? தூர்வார வேண்டியவரைக் கேட்க நமக்குத் தைரியம் இல்லை. இருபத்துமூன்று வயதுப் பெண்ணைக் கேட்கத் தைரியம் வருகிறது. இதற்குப் பெயர் விவசாயி பாசம் இல்லை.

கல்யாணக் கேள்விக்கும் பதில். மகனைத் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் அனுப்ப நிலத்தை அடமானம் வைத்த வீடுகள் நம் தெருவில் எத்தனை? ஐந்து வருடம் அவன் திரும்பாவிட்டால் "யாரு கட்டிப்பா?" என்று யாராவது கேட்டோமா? இவள் போவதற்கு ஒரு சென்ட் நிலம் அடமானம் வைக்க வேண்டியதில்லை. மத்திய அரசின் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். படிக்கிற பிள்ளைக்குச் சம்பளம் மாதிரி வருகிறது. அப்பாக்காரருக்கு இதுவே தெரியாது. ஐந்து வருடம் ஃபீஸ் கட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஆலோசனை சொன்ன இத்தனை பேரில் ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை. தெரியாமல் சொல்லவில்லையா, தெரிந்தும் சொல்லவில்லையா?

"ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படிச்ச டீச்சருக்கு நியூட்ரான் பத்தி என்ன தெரியும்?" என்று யாராவது எழுதுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரியாதுதான். நான் கல்லூரிப் படி ஏறியவள் இல்லை. மேலே எழுதிய நியூட்ரான் விஷயமெல்லாம் அந்தப் பெண் நான்கு சாயங்காலம் என் திண்ணையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தது. புரியாத இடத்தில் மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் முகம் சுளிக்காமல் சொன்னாள். நான் சொல்லிக்கொடுத்த பிள்ளை எனக்குச் சொல்லிக்கொடுக்கிறது. ஒரு ஆசிரியைக்கு இதைவிட என்ன ஓய்வூதியம் வேண்டும்?

பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த அறிவியல் நாளுக்கு மாலைக் காசில் பாதியை மிச்சம் பிடியுங்கள். ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீர், நாலு சொட்டுப் பால், ஒரு டார்ச் லைட். அறையை இருட்டாக்கி ஒரு பக்கத்திலிருந்து ஒளியை விடுங்கள். பக்கவாட்டில் பார்த்தால் லேசான நீலம். எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் பழுப்பு மஞ்சள். நீல வானமும் அந்தி வானமும் ஒரே டம்ளருக்குள். பாலில் மிதக்கும் கொழுப்புத் துளியும் புரதமும் செய்கிற வேலை அது. குழந்தையைக் கையில் டார்ச்சைப் பிடிக்க விடுங்கள். அதன் பிறகு தேதியை மறந்தாலும் பரவாயில்லை.

கடைசியாக அந்த 27 பேருக்கு. அதிலும் என்னிடம் படித்த 11 பேருக்கு. அவள் இந்த வாரக் கடைசிக்குள் அந்த நிலையத்துக்குப் பதில் அனுப்ப வேண்டும். அப்பா இன்னும் "யோசிக்கிறேன் டீச்சர்" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் யோசிப்பது படிப்பைப் பற்றி இல்லை, உங்களைப் பற்றி. டீக்கடையில் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்பதைப் பற்றி. நாளைக் காலை அவர் கொள்முதல் நிலையத்தில் இருப்பார், நெல் இன்னும் எடை போடவில்லை. நீங்களும் அங்கேதான் இருப்பீர்கள். பக்கத்தில் போய், "அண்ணே, பாப்பாவுக்கு இடம் கெடச்சதாமே, சந்தோஷம், அனுப்பி வைங்க" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.

அது செய்ய மனம் வராவிட்டால், அடுத்த பிப்ரவரி 28இல் ராமன் படத்துக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளாதீர்கள். அவ்வளவுதான் நான் கேட்பது.

பகிர விரும்புகிறவர்கள் பகிரலாம். தப்பு இருந்தால் திருத்துங்கள், திருத்திக்கொள்கிறேன். சிரிப்புப் பொம்மை மட்டும் போடாதீர்கள். பதில் எழுதுங்கள், பிழையில்லாமல்.